கம்பளத்துக்குப் பின்னால் ஒரு சுவர்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் ஜோல்டோஷ் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றான். வாரத்தில் ஆறு நாள் பிஷ்கெக் நகரத்தில் ஊரார் வீட்டுச் சுவர்களில் ஓட்டை போடுவதும் பூச்சு பூசுவதும்தான் அவன் பிழைப்பு. ஏழாம் நாளாவது சுவர் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம் என்றால், பெர்மெத் விடுவாளா? அவன் மனைவி. தையல் பட்டறையில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து, மிச்சமிருக்கும் உயிரை விரல் நுனியில் கொண்டுவந்து சேர்க்கிறவள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் விரல்பலகை மாட்ட ஓர் இடம். தலையணை நீளத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் விரல் நுனி மட்டும் நுழைகிற பள்ளங்கள். பாறை ஏறுகிறவர்கள் அதில் தொங்கித் தொங்கித்தான் விரலுக்குப் பலம் ஏற்றிக்கொள்வார்கள். மலை வழிகாட்டித் தேர்வுக்கு இன்னும் ஐந்தே வாரம். பயிற்சிக்கூடமோ ஊரின் மறுகோடியில். பட்டறை விட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். தேறினால் கோடை நான்கு மாதமும் தொலைவில் கராகோல் மலைகளிலேயே தங்கி வேலை, காலருக்கு ஒரு கும்பிடு. தேறாவிட்டால் இனி முயற்சி செய்ய உடம்பிலும் மனசிலும் தெம்பு இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

சோவியத் காலத்து அடுக்கு வீடு அது. வெளிச்சுவரெல்லாம் ஜன்னலும் ஹீட்டருமாக அடைந்து கிடந்தது. உள்சுவர்கள் நான்கு விரல் கனத்தில் ஜிப்சம். தட்டினால் காலி டப்பா சத்தம் கேட்கும். பக்கத்து அறையில் தும்மினால் இந்த அறையில் வாழ்த்துச் சொல்லலாம்.

முதல் ஞாயிறு அடுக்களைச் சுவர். உள்ளே போய் விரிந்துகொள்ளும் ஆணி போட்டான். பெர்மெத் தொங்கிய மறுநிமிஷம் நான்கு ஆணியும் சுவரின் சதையோடு பிய்த்துக்கொண்டு வந்தன. இரண்டாம் ஞாயிறு நடைக்கதவுக்கு மேலே. பாரம் ஒரே இடத்தில் விழாமல் பரவட்டும் என்று அகலமான பலகை ஒன்றைப் பன்னிரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கி, அதன்மேல் விரல்பலகையைப் பொருத்தினான். அது நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் கதவு நிலையிலிருந்து கூரைவரை விரிசல் ஓடி, தேநீர்க் கிண்ணத்தில் பூச்சு உதிர்ந்தது.

"தரையில ஊன்றி ஒரு சட்டம் அடிச்சிடலாமே. பாரம் சுவத்துக்குப் போகாது, தரைக்குப் போயிடும்" என்று கேட்டாள் பெர்மெத்.

"இந்த வீட்லயா? அதை வச்சா கட்டிலை வெளியில போடணும். நாம மாடிப்படியிலதான் படுக்கணும்."

அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மை வேறு. அந்த வீட்டில் கெட்டியான சுவர் ஒன்று இருந்தது. அது ஜோல்டோஷுக்குத் தெரியும்.

முன்னறையில் வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர்தான் அது. வீட்டின் மேலிடம். பெரியவர்களும் விருந்தாளிகளும் மட்டும் உட்காரும் இடம். அவன் அம்மா அனார்கானின் சீர்க்கம்பளம் அந்தச் சுவரை முழுக்க மூடிக்கொண்டு நாற்பது வருஷமாகத் தொங்குகிறது. பின்னால் இருப்பது சுத்தமான கான்கிரீட். கம்பளம் மாட்ட ஆணியடித்த அன்று அப்பா மூன்று டிரில் முனைகளை முறித்துப்போட்டுத் திட்டித் தீர்த்தார். முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஜோல்டோஷ். அப்போது அவனுக்கு ஐந்து வயது. அந்த வசவுகள் இன்னும் மறக்கவில்லை.

மருமகளாக வந்தவள் அந்த மேலிடத்தில் உட்காரமாட்டாள். அந்தக் கம்பளத்தைத் தூசி தட்டக்கூட அத்தையைக் கேட்டுத்தான் தொடுவாள். அதை நம்பித்தான் ஜோல்டோஷ் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஏன் என்று அவனைக் கேட்டால் அம்மாவின் மரியாதை என்பான். உண்மையில் அவனுக்குப் பயம். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே பெர்மெத் இல்லாத நான்கு மாதத்தை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

இன்றைக்குப் படுக்கையறைச் சுவர். பழைய ஓட்டை எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து மாட்டிவிட்டு ஒதுங்கினான்.

"தாங்குமா?"

"தாங்கும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

பெர்மெத் பிடி வழுக்காமல் இருக்கக் கையில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு விரல்களைப் பள்ளத்தில் கோத்தாள். கால் தரையை விட்டது. ஏழு எண்ணும்வரை தொங்க வேண்டும், எண்ணுவது அவன் வேலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்கம்போல வேகமாக எண்ணினான். ஐந்தில் சுவர் முனகியது. ஆறு சொல்வதற்குள் பலகை, ஸ்க்ரூ, ஒரு கை அகல ஜிப்சம் எல்லாமாக அவளோடு கீழே வந்தன.

அவள் உட்கார்ந்த வாக்கில் விழுந்திருந்தாள். நடுவிரல் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. அழவில்லை. விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"விடு ஜோல்டோஷ். போதும். எனக்கே அலுத்துப் போச்சு. நாளைக்குத் தேர்வுக்காரங்களுக்கு ஃபோன் போட்டுப் பேரை எடுத்துடச் சொல்லிடறேன்."

மூன்று வாரமாக அவன் காத்திருந்த வார்த்தை அதுதான். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. 

சத்தம் கேட்டு அனார்கான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். சுவரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடா, பூகம்பமா? இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை போனா இந்த வீட்ல சுவரே இருக்காது போலிருக்கே. எல்லாருமா ஒரே அறையில கூடாரம் போட்டுக்கலாம்."

"கெட்டியான சுவரே இல்லம்மா" என்றான் ஜோல்டோஷ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்லியா? என் கம்பளத்துக்குப் பின்னாடி என்ன, பாலாடையா இருக்கு? உங்கப்பன் மூணு முனையை உடைச்சிட்டு என் பிறந்த வீட்டையே சேர்த்துத் திட்டினானே. முக்காலியைப் பிடிச்சிட்டு நின்னவன் நீதானே?"

 பெர்மெத் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

அத்தை எதிரில் அவனை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வாள்.

அவன் மென்று விழுங்கினான். "மேலிடம்... அம்மா கம்பளம்... எப்படிக் கேட்கிறதுன்னு..."

"நீ வேலைக்குன்னு மாஸ்கோவுல ஆறு வருஷம் இருந்தே. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தே. நான் உன்னைப் போகாதேன்னு சொன்னேனா? உன் பையை யார் கட்டிக் குடுத்தா?" அவள் குரல் உயரவே இல்லை. சண்டை போடவும் தெம்பில்லாத குரல். "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா உட்கார்ந்து பேசியிருப்பேனே. மூணு வாரம் என்னைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டியே."

 அனார்கான் மகனை ஒருதரம் பார்த்துவிட்டு, முன்னறைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"கம்பளத்தை இறக்கு. பார்த்து, பூச்சிக்கு மருந்து போட்டு ரொம்ப நாளாச்சு."

கம்பளத்தை இறக்கியபோது நாற்பது வருஷத்துத் தூசியும் இறங்கியது. ஜோல்டோஷ் டிரில்லைச் சுவரில் ஊன்றினான். கான்கிரீட் அலறியது. ஒரு முனை உடைந்தது. அப்பா சொன்ன வசவு ஒன்று அவன் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. ஆறு ஓட்டை போட்டு முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. போல்ட்டுகளை முடுக்கிய பிறகு பலகையைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இழுத்தான். அசையவில்லை.

அனார்கான் தன் மெத்தையில், பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள். பெர்மெத் விரலில் டேப் சுற்றிக்கொண்டு வந்தவள் தயங்கி நின்றாள்.

"அத்தை, உங்க தலைக்கு மேல நான் கால் நீட்டித் தொங்கறதா?"

"மடக்கிக்கோ. உன் காலைப் பார்த்தா என் மரியாதை ஓடிப்போயிடுமா? இப்ப கொஞ்சம் நகர்ந்துக்கறேன், அவ்வளவுதான். டிவியில தினம் அழுகைதான் ஓடுது. ஒரு மாறுதலுக்கு உன்னைப் பார்க்கறேன்."

மெத்தையை நகர்த்தி வழி விட்டாள். பெர்மெத் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மேலிடத்தில் ஏறி நின்றாள். விரல்களைக் கோத்தாள். காலை மடக்கினாள்.

"எண்ணு. சரியா எண்ணு" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

வேகமாக எண்ணியதும் அவளுக்குத் தெரிந்தேயிருக்கிறது. ஜோல்டோஷ் கடிகாரத்து முள்ளைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. அவள் முதுகு நடுங்கியது. டேப்பில் ரத்தம் ஊறியது. ஏழு வந்தது. அவள் இறங்கவில்லை. எட்டு. ஒன்பது. சுவர் ஒரு நூல் அசைந்தால் போதும், அவள் வீட்டிலேயே இருப்பாள் என்று அவனுக்குள் இன்னும் ஏதோ ஒன்று ஏங்கியது. சுவர் அசையவில்லை. பத்து. பதினொன்று.

பன்னிரண்டையும் சொன்னான்.