பைன்மர நிழலுக்காக ஒரு சுற்று

எங்கள் தீவின் ஏரியைச் சுற்றிச் செல்லும் பாதையில் கார் ஓடாது. அனுமதியும் இல்லை, இடமும் இல்லை. ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் பைன்காடு, நடுவே ஒரு கழுதையும் அதன் சுமையும் போகும் அகலத்தில் வெள்ளைச் சரளை. நடப்பவர் நடக்கலாம், மற்றவர்கள் சைக்கிள் மிதிக்கலாம். ஆனால் சுற்று ஓரிடத்தில் அறுந்து கிடக்கிறது. ஏரி கடலோடு சேரும் கால்வாயின் மேல் முன்பு ஒரு பாலம் இருந்தது. பெரிய படகுகள் உள்ளே வரட்டும் என்று அதை இடித்தார்கள். பிறகு கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் அனைவரும் இப்போது தேவாலயத்தின் பின்புறம் படுத்திருக்கிறார்கள். ஆகவே, கால்வாயைக் கடக்க பாஷ்கோவின் படகு ஒன்றுதான் வழி.

பாஷ்கோவின் படகுக்கு ஒரு விதி உண்டு. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அது வெறுமையாகக் கடந்ததில்லை. அக்கரையில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும், இக்கரையில் ஏற்றுவதற்கு ஓர் ஆளோ ஒரு பொருளோ இருந்தால்தான் துடுப்பை எடுப்பார். பொருள் என்றால் எதுவும் ஆகாது. அதற்காக எதிர்க்கரையில் ஒருவர் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திராத பொருள் சுமையே அன்று என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையினால் அக்கரையில் அரைநாள் உட்கார்ந்தவர்கள் எங்கள் ஊரில் பலர். ஒருவரும் அதை மாற்றச் சொன்னதில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஊர்ப் படகுத்துறை அருகே இருந்த பழைய வலைக்கொட்டகை சரிந்தது. அதை அப்புறப்படுத்தியபோது பெரிய பைன்மரத்தின் நிழல் முழுவதும் வெளிப்பட்டது. கப்பலில் வரும் பயணிகள் ஏரிக்கரையில் முதலில் தேடுவது நிழலைத்தான். சைக்கிளைப் பிறகுதான் தேடுவார்கள். எங்கள் ஊரில் சைக்கிள் வாடகைக்கு விடுபவர்கள் இருவர். ஐம்பதைக் கடந்த யெலிட்சா ஒருத்தி. முப்பது வயது நிக்‌ஷா மற்றவன். இருவரும் அந்த நிழலைக் கேட்டார்கள்.

யெலிட்சாவுக்கு அது வெறும் வசதியாக இருக்கவில்லை. போன கோடை முழுவதும் அவளுடைய சைக்கிள்கள் வெயிலில் நின்றன. இருக்கையில் உட்கார்ந்த ஜெர்மானியர்கள் உடனே எழுந்தார்கள். இன்னொரு கோடை இப்படிப் போனால், கடையைப் பூட்டிவிட்டு ஸ்பிளிட் நகரத்தில் மகள் வீட்டு நான்காவது மாடியில் போய் இருந்துகொள்வதாகச் சொன்னாள். அதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. மீன் விலையைச் சொல்வதுபோல் சொன்னாள். அதனால்தான் நாங்கள் நம்பினோம்.

ஊர்க்குழு மூன்று முறை கூடியும் முடிவு எட்டவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட சிக்கலை மண்தளத்தில் இரும்புக் குண்டு உருட்டித் தீர்ப்போம். ஆனால் அந்த ஆட்டத்தில் இவர்கள் இருவரும் ஒரே அணி. எங்கள் ஊரின் ஒரே நல்ல அணியும் அதுதான். அதை உடைக்க எவருக்கும் மனமில்லை. எனவே பந்தயம் என்று தீர்மானமாயிற்று: ஏரியை ஒருமுறை சுற்றி வர வேண்டும், எந்தப் பக்கமாகவும் போகலாம், கால்வாயைப் பாஷ்கோவின் படகில் மட்டுமே கடக்க வேண்டும், முதலில் துறைக்குத் திரும்புபவருக்கு நிழல்.

என்னைக் கால்வாயின் தென்கரையில் நடுவராக நிறுத்தினார்கள். இருவருக்கும் உறவில்லாத ஆள் தேவைப்பட்டது. இந்தத் தீவில் அப்படி ஒருவன், திருமணம் செய்துகொண்டு இங்கு வந்து சேர்ந்த நான்தான்.

பருவத்தின் முதல் கப்பல் வருவதற்கு முந்திய ஞாயிறன்று இருவரும் புறப்பட்டார்கள். துறையிலிருந்து தென்கரை வழியாகக் கால்வாய் அருகில் இருக்கிறது. வடகரை வழி அதைப்போல இருமடங்கு. படகு எப்போதும் தென்கரையில்தான் கட்டியிருக்கும். நிக்‌ஷா தெற்கே பாய்ந்தான். யெலிட்சா வடக்கே திரும்பினாள். ஊரார் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்று பிறகு அறிந்தேன். ஆனால் அவள் கணக்கு பிழையற்றது. பின்தொடர்ந்து தெற்கே போயிருந்தால், அவன் கடந்தபின் படகு வடகரையில் நின்றுவிடும். இவள் தென்கரையில் நின்று கூவ வேண்டியதுதான். வடக்கே போனால், அவனே படகை அவள் பக்கம் கொண்டுவந்து விடுவான். அவள் கணக்கில் இருந்த குறை ஒன்றுதான்: அவன் அவளைவிட வேகமானவன்.

நிக்‌ஷா வந்தபோது பாஷ்கோ ரொட்டியும் உப்பிட்ட மத்தி மீனும் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாமதமின்றி அவனையும் சைக்கிளையும் ஏற்றி, நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டி வடகரையில் இறக்கினார். யெலிட்சாவின் தலை இன்னும் எங்கும் தெரியவில்லை. அந்தக் கணமே அவன் மிதித்துப் போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் நிக்‌ஷா சும்மா வெல்கிறவன் அல்லன். குண்டு ஆட்டத்திலும் வெற்றிப் புள்ளி கிடைத்த பிறகு, கையில் மிஞ்சிய குண்டால் எதிராளியின் குண்டைத் தட்டி வேலிக்கு வெளியே அனுப்புவான். இப்போதும் சைக்கிளில் ஒரு காலைப் போட்டவன், படகைத் திரும்பிப் பார்த்தான். அது தென்கரைக்குத் திரும்பிவிட்டால் யெலிட்சா வடகரையிலேயே மாட்டிக்கொள்வாள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே போகலாம். சைக்கிளிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

முதலில் ஒரு கட்டு விறகைத் தூக்கி வந்தான். அதற்கு யார் காத்திருக்கிறார்கள் என்று பாஷ்கோ கேட்டார். கால்வாய் குறுகலானது, சாதாரணக் குரலே மறுகரைக்குக் கேட்கும். நிக்‌ஷா என்னைப் பார்த்துச் சொன்னான்:

“அத்தான், உங்களுக்குத்தான விறகு வேணும்? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்.”

“எனக்கு விறகு வேணாம்ப்பா. வீட்ல கேஸ் அடுப்புதான்.”

ஊர்ப் பெண்ணை மணந்தவன் என்பதால் எல்லோருக்கும் நான் அத்தான். அந்த உறவு தீர்ப்பைப் பாதிக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அப்போதுதான் என் பின்னால் தன் வீட்டு முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தெரே வாயைத் திறந்தாள். நேற்றிலிருந்து தன் ஆடு வடகரையில் நிற்பதாகவும், அதற்காகத்தான் காத்திருப்பதாகவும், கேட்பாரில்லை என்றும் சொன்னாள். நிக்‌ஷாவின் முகம் மலர்ந்தது. பாஷ்கோ சிறிது யோசித்து, ஆடு சுமைதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஆடு பாதைக்கு மேலே ஒரு பாறையில் நின்று தழை கடித்துக்கொண்டிருந்தது. நிக்‌ஷா ஏறினான், அது அடுத்த பாறைக்குப் போயிற்று. அன்போடு அழைத்தான், பிறகு அதன் தாயைப் பற்றிப் பேசினான். தின்பதற்கென்று சட்டைப்பையில் வைத்திருந்த அத்திப்பழங்களை நீட்டினான். ஆடு அத்திப்பழங்களை ஏற்றுக்கொண்டது, அவனை ஏற்கவில்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்று அவனுக்கு ஒருமுறை தோன்றியிருக்க வேண்டும், சைக்கிளைப் பார்த்தான். ஆனால் அதற்குள் சட்டை கிழிந்திருந்தது. சட்டையைக் கிழித்த ஆட்டை விட்டுப் போக அவனால் இயலவில்லை.

“டேய், போட்டி ஆட்டோடயா, அக்காவோடயா?” என்று பாஷ்கோ படகிலிருந்து கேட்டார்.

“நீங்க துடுப்பப் பிடிங்க மாமா. இதோ ஆச்சு.”

ஆகவில்லை. பைன்களுக்கிடையே சரளை நெரியும் ஒலி முதலில் கேட்டது; பிறகு யெலிட்சா வந்தாள். முகம் சிவந்திருந்தது. தொப்பி இல்லை. படகு தன் கரையில் நிற்பதையும், மேலே பாறையில் நிக்‌ஷாவின் கால்கள் தொங்குவதையும் பார்த்தாள். சைக்கிளைப் படகில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.

அதே நேரத்தில் நிக்‌ஷா ஆட்டின் கொம்பைப் பிடித்துவிட்டான். இருவருமாகச் சறுக்கிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

“மாமா, நில்லுங்க. ஆட்டப் பிடிச்சாச்சு. இதுதான் முதல் சுமை, அக்காவ இறக்குங்க.”

“அவ ஏறி உக்காந்துட்டாளே. ஏறினவள இறக்கி எனக்குப் பழக்கமில்ல.”

யெலிட்சா இரு கைகளையும் நீட்டினாள்.

“ஆட்ட இப்படிக் குடு தம்பி. தெரே நேத்துலேருந்து காத்துட்டிருக்காளாம். நீ போ, உனக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கு.”

அவன் கொடுத்தான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். ஆடு அவள் மடியில் தலையை வைத்து, தேவாலயத்துக்குப் போகும் கிழவியைப் போல அடக்கமாகக் கடந்து வந்தது. தெரே நன்றி சொல்லி முடிப்பதற்குள் யெலிட்சா மிதிக்கத் தொடங்கிவிட்டாள். நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நடுவர் பின்தங்குவது முறையல்ல. ஆனால் தென்கரையின் வேர் மேடுகளில் அவளைப் பிடிக்க என்னால் முடியவில்லை. இடையிடையே அவள் திரும்பிப் பார்த்தாள். வடகரையில், தண்ணீருக்கு அப்பால், மரங்களிடையே ஒரு வெள்ளைச் சட்டை தோன்றி மறைந்து வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. உண்மையிலேயே மிக வேகமாக. எனக்கே ஒரு கட்டத்தில் கவலை வந்தது. நடுவருக்கு அது கூடாது என்று அதை நிறுத்திக்கொண்டேன்.

அவள் துறையை அடைந்து, சைக்கிளைப் பைன்மரத்தில் சாய்த்து, ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது குவளையின்போது நிக்‌ஷா வந்து சேர்ந்தான். ஒரு தோளில் சட்டை இல்லை; முடியில் பைன் ஊசிகள். கூட்டம் அவனிடம் ஆட்டின் உடல்நலத்தை விசாரித்தது. அவன் நேராக மரத்தடிக்குப் போய் அவளுடைய சைக்கிளைத் தூக்கி, பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

“அக்கா, இந்தச் சங்கிலிலயா சுத்தி வந்த? எண்ணெ பாத்து எத்தன நாளாச்சு?”

“வெயில்ல எல்லாம் காஞ்சு போச்சுப்பா. இனிமே காயாது.”

அவன் சைக்கிளை மறுபடி மரத்தில் சாய்த்தான். பிறகு யாரும் சொல்லாமலேயே அவள் கடைக்கு நடந்தான். தோளுக்கு ஒன்றாக அவளுடைய சைக்கிள்களைத் தூக்கி வந்து நிழலில் வரிசையாக நிறுத்தினான். ஒவ்வொன்றையும் இறக்கும்போது அதன் பிரேக்கைப் பற்றியோ டயரைப் பற்றியோ ஒரு குறை சொன்னான். யெலிட்சா எண்ணெய்ப் புட்டியை அவன் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, ஸ்பிளிட்டில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் பேசப் போனாள்.