பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

புதன்கிழமை என்றால் மேர்சி பாக்கியரத்தினத்தைக் கப்பல்துறையில் காண முடியாது. விடிந்தும் விடியாமலும் இரண்டு துண்டு பாணைக் கடதாசியில் சுற்றி, நீல மட்டை போட்ட கொப்பியோடு பைக்குள் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். திருகோணமலைப் பட்டணத்தில் இறங்கி, நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு மாறி, இறக்கக்கண்டியில் கால் வைக்கும்போது மீன் வியாபாரம் முடிந்து கரை ஓய்ந்திருக்கும். அதன் பிறகு பதினான்கு வீடுகள். எந்த வீட்டிலும் பத்து நிமிடம் என்று சொல்லித்தான் உட்காருவார். எந்த வீட்டிலிருந்தும் அரை மணி நேரத்துக்குள் எழுந்து வந்ததில்லை.

பிள்ளைக்குச் சளியென்றால் நெஞ்சில் தைலம் தேய்ப்பார். கிளினிக்கில் கொடுத்த துண்டுச் சீட்டை வாசித்து விளக்குவார். வீட்டுக்காரி சமையலில் நின்றால் இவர் வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார். வெங்காயம் உரிக்கிறவரிடம் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டவற்றையெல்லாம் கொப்பியில் குறித்துவந்து, வெள்ளிக்கிழமை மாலை கப்பல்துறைச் சபையின் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். வர முடியாதவர்களுக்காக அதையே குரலில் பதிந்து சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிடுவார்.

இருபத்தைந்து வருடங்களாக நடந்துவந்த ஒழுங்கு இது. இதற்காக மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிடைத்த எழுதுவினைஞர் வேலையை வேண்டாமென்று சொன்னவர் அவர். கால் வீங்கினாலும், மாரி மழையில் உடுப்பு நனைந்தாலும், ஒரு புதனையும் விட்டதில்லை. அவரிடம் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஜெபக்குறிப்பில் யாருடைய பெயரையும் சொல்லமாட்டார். "எங்கள் சகோதரி ஒருவர்" என்றுதான் தொடங்குவார். பெயரை மறைத்துவிட்டால் ஆளையும் மறைத்தாயிற்று என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

இறக்கக்கண்டியில் அவருக்கு மிகவும் பிரியமான வீடு லோஜினியுடையது. லோஜினியின் கணவன் சஞ்சீவன் குடித்துக் குடித்துத் தன் படகையும் இழந்தவன். பிறகு ஒருநாள் தானாகவே நிறுத்தினான். எட்டு மாதம் ஒரு துளி தொடவில்லை. அதைக் கேள்விப்பட்டு, கிண்ணியாவைச் சேர்ந்த முனீப் என்ற படகு முதலாளி அவனைத் தன் படகுக்கு ஓட்டியாக எடுக்கச் சம்மதித்திருந்தார். நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு அது. கடல் அமைதியாகும் பருவம் தொடங்கியதும் வேலை.

இந்த நிலையில் ஒரு புதன்கிழமை, மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த லோஜினி கத்தியைக் கீழே வைத்தாள். இறந்துபோன தன் தம்பியின் ஆண்டுத் திவசத்தன்று சஞ்சீவன் குடித்துவிட்டான். ஒரேயொரு நாள். அடுத்த நாள் அவனே அழுதான். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா. அவருக்கே தெரியாது நான் உங்களுக்குச் சொன்னது" என்றாள் லோஜினி.

மேர்சி ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜெபக் கூட்டத்தில்தான் சொன்னார்.

சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. சபையில் இரண்டு பேர் விம்மினார்கள். போதகர் தவராசா உருக்கமாக ஜெபித்தார். அன்றைய குரல்பதிவும் வழக்கம்போலக் குழுவுக்குப் போயிற்று.

அடுத்த புதன்கிழமை லோஜினி வீட்டு வேலிப் படலை பூட்டியிருந்தது. ஆள் உள்ளே நிற்பது தெரிந்தது.

"என்னம்மா, பகலிலயும் பூட்டியிருக்கு?" என்றார் மேர்சி.

"ஓம் அக்கா. இனிப் பூட்டியே இருக்கட்டும்."

"ஏன்? என்ன நடந்தது?"

லோஜினி படலைக்கு அருகே வந்தாள். திறக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நீங்கள் கதைச்சது திங்கக்கிழமை முனீப் நானாவிட்டப் போயிட்டுது. உங்கட சபை ஆள் ஒருத்தற்ற மகன் நிலாவெளியில விடுதி வைச்சிருக்கிறார். தாயின்ர போனில உங்கட குரலைக் கேட்டவராம். குடிகாரன் ஓடுற படகில தன்ர ஆக்களை ஏத்தமாட்டன் எண்டு நானாவுக்குச் சொல்லிப்போட்டார். நேற்று நானா ஆள் அனுப்பினவர். வேற ஓட்டி பாக்கிறாராம்."

"நான் பேர் சொல்லேல்லையே அம்மா. ஒரு இடத்திலயும் பேர் சொல்லேல்லை."

லோஜினிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. "பேர் மட்டும்தான் சொல்லேல்லை. இறக்கக்கண்டி எண்டு சொன்னீங்கள். புறாமலைப் படகுக்குப் போகப்போறவர் எண்டு சொன்னீங்கள். எட்டு மாசம் விட்டவர், தம்பியின்ர திவசத்தண்டு குடிச்சவர் எண்டும் சொன்னீங்கள். ஆண்டவருக்கு இவ்வளவு விலாசம் வேணுமா அக்கா? அவருக்கு எங்கட வீடு தெரியாதா?"

மேர்சி படலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். முற்றத்தின் அந்தப் பக்கத்தில் சஞ்சீவன் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். திரும்பவில்லை.

"அவர் என்னோட கதைச்சு ரெண்டு நாள்" என்றாள் லோஜினி, குரலைத் தாழ்த்தி. "வேலை போனதைவிட எனக்கு அதுதான் பயம். வெறுங்கையோட வீட்டில இருந்தாரெண்டால், திரும்பவும்…" அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அன்று மேர்சி மற்றப் பதின்மூன்று வீடுகளுக்கும் போகவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் தானே கட்டிச் சொல்லும் கதையொன்று நினைவுக்கு வந்தது. காட்டில் ஒரு முயலுக்குக் கால் முறிந்தது. அதன்மேல் அன்பு வைத்த மைனா, எல்லோரும் வந்து உதவட்டும் என்று மரத்துக்கு மரம் பறந்து கூவியது. மான் கேட்டது, அணில் கேட்டது, மேலே வட்டமிட்ட பருந்தும் கேட்டது. பருந்துதான் பொல்லாதது, பிள்ளைகளே, என்று அந்தக் கதையை அவர் எப்போதும் முடிப்பார். மைனாவைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை இந்த வீட்டுச் சந்திப்பு ஊழியத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் விருந்தினர் வருகிறார்கள். மேர்சியை மேடையில் இருத்தி, மாலை போட்டு, சாட்சி சொல்லக் கேட்பதென்று எப்போதோ தீர்மானித்திருந்தார்கள். மேர்சி இப்போது வேறொன்று தீர்மானித்தார். அந்த மேடையிலேயே, அத்தனை பேர் முன்னிலையில், தன் பிழையை அறிக்கையிட்டுவிடுவது. தன்னைத் தாழ்த்த அதைவிட நல்ல இடம் எது?

கதிரையை இழுத்துப்போட்டு எழுத உட்கார்ந்தார். பேனா தடையில்லாமல் ஓடியது. பூட்டிய படலை வந்தது, லோஜினியின் சிரிப்பு வந்தது, திரும்பாத முதுகு வந்தது. இரண்டாம் பக்கம் முடிந்ததும் மெல்ல வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். தன் வாழ்நாளில் எழுதிய சாட்சிகளில் இதுதான் சிறந்தது என்று தோன்றியது. மண்டபம் முழுவதும் அழும். மேர்சி அக்காவைப்போலத் தாழ்மையுள்ளவர் வேறு யார் என்று கொழும்பு வரைக்கும் பேசுவார்கள்.

அப்படித் தோன்றிய அந்தக் கணத்தில்தான் அவர் தாளைக் கீழே வைத்தார். பெயர் சொல்லாமல், அந்த வீட்டை அவர் இன்னொரு முறை ஊருக்குத் திறந்து காட்டவிருந்தார். இம்முறை மாலையும் கழுத்தில் கிடந்திருக்கும். இரண்டு தாளையும் கிழித்து அடுப்பில் போட்டார். பஸ் ஏறி நடப்பதும் வெயிலில் காய்வதும் பசித்திருப்பதும் அவருக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. அவற்றை யாரிடமாவது சொல்ல முடிந்தது. எவரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஆண்டவருக்குக் கொடுத்திருக்கிறேனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

மறுநாள் கிண்ணியாவுக்குப் போனார். முனீப் முதலாளியின் வீடு பாலத்தைக் கடந்து சிறிது தூரத்தில் இருந்தது. அறுபது வயது மனிதர், நரைத்த தாடி. வந்தவரை மரியாதையாக இருத்தினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"ஒங்கட ஆக்கள்தானே சொன்னாங்க தங்கச்சி. இப்ப நீங்க அது இல்லெண்டு சொல்லவா வந்தீங்க?"

"இல்லை நானா. நான் ஒண்டும் கூட்டியும் சொல்லமாட்டன், குறைச்சும் சொல்லமாட்டன். என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியில விட்டிட்டன். அந்தப் பிழைக்குத் தண்டனை அந்தக் குடும்பத்துக்குப் போகுது."

"பிழை ஆருட எண்டது எனக்கு வேணாம். பச்சப்புள்ளயளோட ஆக்கள் ஏறுற படகு அது. நடுக்கடல்ல ஒண்டு ஆச்செண்டா அல்லாவுக்கும் நான்தான் பதில் சொல்லணும், பொலிசுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

அது நியாயமான பேச்சு. மேர்சி தலையை அசைத்தார். முனீப்பின் மனைவி ஷிஃபானா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"அவரை நீங்களே கரையில நிண்டு ஒவ்வொரு நாளும் பாருங்கோ நானா" என்றார் மேர்சி. "பிழையெண்டால் ஏத்தாதேங்கோ. அது உங்கட பொறுப்பு. ஆனா ஒரு மாதம் தவணை குடுங்கோ. அந்த ஒரு மாதமும் காலையில முதல் பயணத்தில நானும் ஏறுறன்."

"நீங்களா? எதுக்கு?"

"அந்த விடுதிக்காரர் என்ர குரலைக் கேட்டுத்தானே பயந்தவர். அந்தக் குரலுக்குரியவளே சஞ்சீவன் ஓடுற படகில இருக்கிறதைப் பாக்கட்டும்."

"கடல் ஒத்துக்கொள்ளுமா ஒங்களுக்கு?"

"ஒத்துக்கொள்ளாது. இந்தப் பாலம் போட முதல், உங்கட ஊருக்கு இழுவைப் பாதையில, அந்த மிதவையில, வரேக்கயே சத்தி எடுத்தனான்."

கதவோரம் சிரிப்புக் கேட்டது. "அந்தப் பாதை ஒரு முழம் ஆடாதே" என்றாள் ஷிஃபானா. பிறகு கணவனைப் பார்த்தாள். "பேச்சக் கெளப்பின ஆளே போய் ஏறினாத்தான் பேச்சு நிக்கும். ஒரு மாசம் பாருங்களேன். இவங்க ஒரு கிழம தாங்குறாங்களா எண்டும் பாப்பமே."

முனீப் தாடியைத் தடவினார். "அவன் என்ன சொல்றான்? இவங்க ஏற அவன் சம்மதிப்பானா?"

"இனித்தான் கேக்கவேணும்" என்றார் மேர்சி. "அவரைக் கேக்காமல் நான் இனி ஒண்டும் செய்யமாட்டன்."

"அப்ப கேட்டுட்டு வாங்க. சனிக்கிழம காலைல தொடங்கலாம்."

சனிக்கிழமை விழா நாள். மேர்சி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "ஓம் நானா" என்றார்.

அன்று மாலையே இறக்கக்கண்டிக்குப் போய், பூட்டிய படலைக்கு வெளியே நின்றபடியே லோஜினியிடம் எல்லாவற்றையும் சொன்னார். லோஜினி உள்ளே போனாள். வெகுநேரம் பேச்சுக் குரல் கேட்டது, இரண்டு குரல். திரும்பி வந்து, "விருப்பமெண்டால் வரட்டுமாம்" என்று மட்டும் சொன்னாள். படலை திறக்கவில்லை.

விழாவுக்கு வரமுடியாது என்று சொன்னபோது போதகர் தவராசா திகைத்துப்போனார். காரணம் முழுவதையும் அவரிடம் மட்டும் சொன்னார் மேர்சி.

"ஆக்கள் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல அக்கா?"

"வர வசதிப்படேல்லை எண்டு சொல்லுங்கோ."

"தலைக்கனம் எண்டு சொல்லுவினம். இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வாற நாள்."

"சொல்லட்டும் ஐயா. விளக்கம் குடுக்க வெளிக்கிட்டால் அந்த வீட்டுக் கதையைத்தான் திரும்பவும் சொல்லவேண்டி வரும்."

போதகர் கைத்தொலைபேசியை எடுத்துக் குழுவில் பழைய குரல்பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். "நானும்தானே ஆமென் சொன்னனான்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

சனிக்கிழமை காலையில் நிலாவெளிக் கரை பளிங்குபோல இருந்தது. முனீப் முதலாளி சஞ்சீவனின் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய் ஸலாம் சொல்லி, மூச்சையும் கவனித்து, திருப்தியோடு விலகி நின்றார். முனீப் சொன்னதைக் கேட்டு விடுதிக்காரர் அனுப்பிய ஒரு குடும்பம் மணலில் நின்று, ஏறலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. மேர்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் வரை சேலை நனைந்தது. படகின் பின்புறத்தில் குனிந்து இயந்திரத்தின் எண்ணெய்க் குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தான் சஞ்சீவன்.

"தம்பி" என்றார் மேர்சி. அவனுக்கு மட்டும் கேட்கும் குரல். "உங்கட கதையை நான் ஊருக்குச் சொல்லிப்போட்டன். ஜெபம் எண்டு சொல்லிச் சொன்னனான். அதால அது சரியாகாது. என்னை மன்னியுங்கோ. லோஜினியோட கோவிக்காதேங்கோ. அவ நம்பினது பிழையில்லை. நம்பினதைக் காப்பாத்தாதது நான்."

அவன் குழாயைப் பூட்டி முடித்தான். கையைத் துணியில் துடைத்தான்.

"நீங்கள் படலைக்கு வந்த அண்டைக்கே அவவோட கதைச்சிட்டன்" என்றான். "உங்களோட கதைக்கத்தான் நாள் எடுக்கும்."

"எடுக்கட்டும். எனக்கு முப்பது நாள் இருக்கு."

சஞ்சீவன் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தான். உயிர்காப்பு அங்கியொன்றை எடுத்து நீட்டினான். மேர்சி அதை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல் தடுமாறவே, அவனே வாங்கித் தோளில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டிவிட்டான். "முன்னுக்கு இருக்காதேங்கோ. தூக்கி அடிக்கும். இதில, எனக்குக் கிட்ட இருங்கோ."

மேர்சி ஏறி உட்கார்ந்ததைக் கண்டு அந்தக் குடும்பமும் ஏறியது. இயந்திரம் உறுமியது. கரை விலகியது. மூன்றாவது அலையிலேயே மேர்சி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிவிட்டார். சஞ்சீவன் வேகத்தைக் குறைத்தான்.

"திருப்பட்டா அக்கா?"

மேர்சி கடல் நீரை அள்ளி வாயைக் கழுவிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. நீங்கள் போங்கோ."