கைநாட்டுச் சாட்சி

ஞானசேகரன் மேஸ்திரிக்குக் காரியம் முடிந்த மறுநாளே அவருடைய இளைய மகன் ரவிச்சந்திரன் வெள்ளானூர் வீட்டு வாசலில் வந்து நின்றான். மூத்த மகன் முன்பே இறந்துபோய்விட்டான். அவன் பெண்சாதி கஸ்தூரிதான் பிள்ளைகளோடு அங்கேயே இருந்து மாமனாரைக் கடைசிவரை பார்த்தவள். வீட்டை அவளுக்கே உயில் எழுதி வைத்திருந்தார் மேஸ்திரி.

சாட்சி இரண்டு பேர். வெல்டிங் கடை யூசுப் பாய் இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் நான். மேஸ்திரியிடம் கம்பி கட்டிய ஆள்.

"கைநாட்டு வெச்சவன்லாம் ஒரு சாட்சியா? அதுல இன்னா எழுதிகீதுன்னு அன்னிக்கு உனக்குத் தெரியுமாய்யா? கோர்ட்ல கிழிச்சிப் போட்ருவாங்க. ஊட்ட வித்து பங்கு போடுங்க" என்றான் ரவிச்சந்திரன்.

அவன் சொன்னது பொய்யில்லை. அன்று எனக்கு எழுத்து தெரியாது. தலை நரைத்த பிறகுதான் எழுத்துக் கூட்டவே வந்தது. என் கட்டைவிரலால் கஸ்தூரி தெருவுக்கு வந்துவிடக் கூடாதே என்று அவளை அழைத்துக்கொண்டு வக்கீல் தேடிக் கிளம்பினேன்.

ஆவடியில் ஒரு வக்கீல் உயிலைப் பிரிக்காமலே, "சமாதானமா போய்டுங்க" என்றார். பூந்தமல்லியில் இன்னொருவர் விபத்து கேஸ்தான் பார்ப்பாராம். உயிலுக்கென்றால் அம்பத்தூரில் சுரேகா மேடம், அங்கே போங்கள் என்று அனுப்பினார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. மேடம் உயிலை முழுக்கப் படித்து முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மேடம், இப்ப நான் நல்லா கையெழுத்து போடுவேன். அந்தக் கைநாட்டு பக்கத்துலயே ஒண்ணு போட்டுடட்டா?"

அவர் உயிலை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஐயா சாமி! இதுல ஒரு புள்ளி வெச்சீங்கன்னாலும் என்னால காப்பாத்த முடியாது!"

"சும்மா கெடண்ணே" என்றாள் கஸ்தூரி. "கம்பி கட்ற கை, எங்க போனாலும் முறுக்கப் பாக்குது."

மேடம் என்னைப் பார்த்தார். "மேஸ்திரி கையெழுத்து போட்டதைக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. தெளிவாத்தான் இருந்தாரு."

"நீங்க விரல் வெச்சதை அவர் பாத்தாரா?"

"பாத்தாரு. மைய அப்பிட்டேன்னு திட்டினாரு."

"அது போதும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு சாட்சிக்குத் தெரியணும்னு இல்ல. எழுதத் தெரியாதவர் கைநாட்டு வெச்சாலும் சாட்சிதான். ரெண்டு பேர்ல ஒருத்தர் கோர்ட்டுக்கு வந்து சொல்லலாம்."

"அப்ப ஊடு?" என்றாள் கஸ்தூரி.

"கேஸ் நடக்கும், நாளாகும். ஆனா கைநாட்டுங்கறதுக்காக உயில் செல்லாம போகாது. நீங்க அந்த வீட்டுலயே இருங்க, நான் பாத்துக்கறேன்." பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க மட்டும் கொஞ்ச நாளைக்கு சாரத்துல ஏறாதீங்க" என்றார்.

படி இறங்கும்போதே கஸ்தூரி ஆரம்பித்தாள். "கேட்டுக்கினியாண்ணே? கேஸ் முடியற வரைக்கும் நீ சாவக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் உன் இஷ்டம்."

மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அன்னனூர் தாண்டுவதற்குள் கஸ்தூரி சன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய ஆவடி வந்தது. கூட்டம் இறங்கி, ஏறியது. எனக்கு எழுப்ப மனம் வரவில்லை.

இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டிக்கு நின்றோம். "எழுப்புனா இன்னா, கொறைஞ்சா பூடுவ?" என்று வண்டி வரும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.