ரூலர் வைத்துப் போட்ட கோடு

தங்கை வீட்டுத் தெருவில் சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். கறுப்பு மண் அடுக்கு ஒரு பக்கம் என் இடுப்பளவில் வந்து, சட்டென்று அறுந்து, மறுபக்கம் முழங்கால் அளவில் தொடர்ந்தது. நிலப்பிளவு. பூமி அதிர்ந்தால் முதலில் கிழியும் இடம். அதற்கு மேலிருந்த வயது குறைந்த மண்ணும் அறுந்திருந்தது, பிளவு செத்துப்போகவில்லை, இன்னும் அசைகிறது.

நிலவியல் துறைக்காக நான் போட்ட வரைபடத்தில் அது இங்கே இல்லை, இருநூறு அடி தள்ளிப் போகிறது. மூன்று வருடத்துக்கு முன் வடக்கே ஒரு குழி, தெற்கே ஒரு குழி வெட்டிப் பார்த்தோம். நடுவில் மனை போட்டவர்கள் தோண்ட விடவில்லை. "ரெண்டு புள்ளி இருக்குல்ல? நேரா இழுத்து விடும்மா" என்றார் மேலதிகாரி. சந்தேகமான இடத்தில் விட்டு விட்டுப் போடவேண்டிய கோடு அது. நான் ரூலரை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அதை நம்பித்தான் தங்கை இங்கே வீடு வாங்கினாள்.

பள்ளத்துக்குள்ளிருந்தே மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"படம் அச்சாயிடுச்சே. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அதுக்கு அஞ்சு வருஷம் ஆகும் சார்! இந்தப் பள்ளத்தையே நாளைக்கு மூடிடுவாங்க!"

"கத்தாதம்மா. பிளவு எங்கயும் ஓடிப் போயிடாது."

ஓடிப்போகாதுதான். அதன் மேல் படுத்துத் தூங்குகிறவர்களைப் பற்றி அந்த மனிதருக்கு என்ன கவலை? வந்த கோபத்தில் பாதி என் மேல்தான்.

அளவைக்கு வைத்திருந்த சிவப்பு ஸ்ப்ரே பெயிண்டை எடுத்தேன். பள்ளத்தின் இரு சுவர்களிலும் பிளவு தெரிந்த இடங்களைச் சேர்த்து, மேலேறி அந்தத் திசையிலேயே சாலையில் கோடு போட்டுக்கொண்டு போனேன். தங்கை வீட்டு கேட், கூடம், சமையலறை. எங்கும் நிற்கவில்லை. அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? புதுத் தரை!"

சொன்னேன். ரூலரையும் சேர்த்தே சொன்னேன். கோடு அவள் பிள்ளைகளின் கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரில் முட்டி நின்றிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க என்னக் கேட்டுட்டுத்தான் வாங்கினாங்க. எங்கக்கா போட்ட படம், கண்ண மூடிட்டு வாங்குங்கன்னேன்."

தரையில் வைத்திருந்த பெயிண்டை எடுத்து என் கையில் திணித்தாள்.

"ஏன் சுவரோட நிறுத்திட்ட? வா. கதவ நான் தட்றேன். சொல்றது நீ."