பாவாடை நாடா

அலுமாரிக்குள் கையை விட்டு உள்பாவாடைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார் நாகேந்திரம். கட்டிலில் கூறைச்சேலை தயாராக இருந்தது. உடுப்பு வந்தால்தான் மனைவி மலரின் உடலைப் பெட்டியில் வைக்கலாம் என்று மலர்ச்சாலையிலிருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள். நாற்பத்தொரு வருடம் பெண்சாதியோடு ஒரே அலுமாரி. மனுசனுக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

"சிவப்புப் பாவாடை அப்பா," என்றாள் ரொறன்ரோவிலிருந்து மகள் மிதுனா, போனில். "கூறைக்கு அதுதான் பொருந்தும். நான் நாளைக்கு விடிய வந்திடுவன்."

"ஓம் பிள்ளை, தேடுறன்."

கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மலர் கட்டுகிற பாவாடை. நாடாவில் முடிச்சு விழுந்த இடம் சுருங்கி ஊத்தைக் கோடாகத் தெரிந்தது. அரை விரல் தள்ளி இன்னொரு கோடு. அதற்கும் தள்ளி இன்னொன்று. நாடா போதாமல் வெள்ளைத் துண்டொன்றைக் கையால் தைத்து நீட்டியிருந்தாள். அதிலும் இரண்டு தடங்கள்.

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார்.

"எவ்வளவு காலமா வயிறு இப்பிடி?" என்று டொக்டர் மலரிடம் கேட்டபோது, "ஒரு மாசம்தான்" என்று முந்திரிக்கொட்டை மாதிரி முந்தியவர் அவர்தான். சூலகத்தில் புற்றுநோய், வயிறெல்லாம் பரவிவிட்டது என்றார்கள்.

அதற்கு முன்பெல்லாம் இரண்டு பிடி சோற்றோடு, "நிறைஞ்சிட்டுது" என்று கோப்பையைத் தள்ளுவாள். "அப்பிடித்தான், சாப்பாட்டைக் குறைச்சால்தான் வண்டி வயிறு வத்தும்" என்று மெச்சினார். பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் நடக்கவும் வைத்தார்.

"இஞ்சாருங்கோ, வீட்டை போவம். ஒண்டுக்கு வருது."

"வெளிக்கிடேக்கையும் போனனீதானே!"

நடுறோட்டில் வைத்துத்தான் ஏசினார். தன்னை நினைக்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பா, கிடைச்சுதோ?"

"ஓம்."

மலர்ச்சாலையில் உடுத்திவிடுகிற றொசானா உடுப்புப் பையை வாங்கினாள். "வெளிய இருங்க ஐயா. பத்து நிமிசம்."

அவர் அசையவில்லை.

"பிள்ளை, அந்த நாடாவை இறுக்கிக் கட்டிப்போடாதேங்கோ."

"சரி ஐயா," என்று கதவைச் சாத்தினாள்.

விறாந்தையில் இரண்டு கதிரைகள் கிடந்தன. கழிப்பறைக்குக் கிட்ட இருந்ததை மலருக்கு விட்டுவிட்டு, மற்றதில் போய் அமர்ந்தார்.