சின்னப்பொண்ணின் வரகுக் கொல்லை

1964 மாசியில், செஞ்சிக்கு மேற்கே மலையடிவாரத்தில் வனத்துறை தைலமரம் வைக்க இடம் அளந்தார்கள். சர்வேயர் வெங்கடரமணனுக்கு அளவுச் சங்கிலி பிடித்தவன் கன்னியப்பன் என்ற இருளர். அங்கே அவன் கால் படாத பாறை இல்லை. அதற்காகத்தான் அவனைக் கூலிக்கு வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் சங்கிலி அவன் அக்கா சின்னப்பொண்ணின் வரகுக் கொல்லைக்குள் போயிற்று. அறுப்பு முடிந்து தாள் காய்ந்து கிடந்தது. ஊற்றோரம் மட்டும் அவரைக்கொடி பச்சையாக இருந்தது. கன்னியப்பன் சங்கிலியைக் கீழே போட்டான்.

"எங்க அக்கா கொல்ல சார் இது. எங்க நைனா காலத்துலேர்ந்து நாங்கதான் கொத்தி வெதைக்கிறோம்."

வெங்கடரமணன் பதிவேட்டைப் புரட்டினார். அந்த சர்வே எண்ணுக்கு நேரே 'தரிசு' என்றிருந்தது. யார் பெயரும் இல்லை.

அவர் கெட்டவர் அல்ல. வெயிலில் நின்று யோசித்தார். எல்லையை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அளவுப் புத்தகத்தின் குறிப்புக் கட்டத்தில் 'இருளர் சாகுபடி, வற்றாத ஊற்று' என்று எழுதி, படித்தும் காட்டினார். மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்து இந்த இடத்தை விட்டுவிடுவார்கள் என்றார். கன்னியப்பன் மறுபடி சங்கிலியை எடுத்தான்.

ஆடியில் சின்னப்பொண்ணு விதைக்கப் போனபோது வனக் காவலர்கள் விரட்டினார்கள். கன்னியப்பன் செஞ்சி தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை நடந்தான். மூன்று முறை வாசலோடு அனுப்பினார்கள். நான்காம் முறை ஒரு குமாஸ்தா அளவுக் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். படத்தில் எல்லைக் கோடும் கல்லும் சரியாக இருந்தன. குறிப்புக் கட்டம் காலி. படி எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும், மனு எழுதிக் கொடு என்றார். வெங்கடரமணன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மனுவுக்குப் பதில் வரவில்லை.

புரட்டாசியில் மரக்கன்றுக்குக் குழி வெட்ட ஆள் கூப்பிட்டார்கள். சின்னப்பொண்ணு மண்வெட்டியை எடுத்தாள்.

"நீ போவாதக்கா."

"நான் போவலன்னா வேற எவளாவது வெட்டுவா. எங்க கல்லு இருக்குது, எங்க மண்ணு இருக்குதுன்னு எனக்குத்தான தெரியும்."

அன்று மாலை அவள் கொப்புளம் வந்த கைகளோடு வீடு திரும்பியதும் படுத்துவிட்டாள்.

நான்காம் வருஷம் மரங்கள் ஆளை மறைத்தன. ஊற்று மாசியிலேயே நின்றுபோனது. குடிக்கவும் தண்ணீர் இல்லாமல், சின்னப்பொண்ணு பிள்ளைகளோடு அவலூர்பேட்டைப் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட வந்த தம்பியிடம், தன் குடிசைக் கூரையைப் பிரித்து அவன் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவன் சரி என்றான். பிரிக்கப் போவதற்கு அவனுக்கு ஒரு மாதம் ஆயிற்று.