விடுபட்ட ஏழு

அன்று காலை லிண்டா, பக்கத்து வீட்டு எப்சி தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியின் பின்பக்கத்தில் சாக்கட்டியால் வகுத்துக்கொண்டிருந்தாள். 2147483647-ஐ முப்பத்தொன்றால். அறுந்த சட்டைப் பொத்தானை நீட்டியபடி கணவன் வில்சன் நின்றான்.

"மீதி ஒண்ணு. இதுக்கும் மசியல, பாத்தியளா?"

"அது மசிஞ்சாத்தான் பொத்தான் தைப்பியாட்டி?"

"அது எதுக்கும் மசியாது. பொத்தானைக் குடுங்க."

மதியம் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் மயங்கி விழுந்தவள் பிறகு எழவே இல்லை.

அந்த எண்ணை அவள் வில்சனுக்கு நெல்லை வைத்துத்தான் விளக்கியிருந்தாள். ஒன்றாந்தேதி ஒரு நெல்மணி, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு. இப்படியே முப்பத்தொன்றாந்தேதி வரை சேர்த்தால் மொத்தம் அவ்வளவு. "இத்தனை நெல்லையும் சமமாப் பங்கு வைக்க முடியாது. ஒருத்தரே வச்சுக்கிடணும், இல்லேன்னா ஆளுக்கு ஒரு மணி. என் கல்லறையில வேத வசனம் வேண்டாம், இதைப் போடுங்க" என்பாள். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். வில்சன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் தொம்மை அண்ணாச்சி, வில்சன் எண்ணை எழுதி நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தார். "பொம்பளை கல்லுல செல் நம்பரா? எவனாவது போன் போட்டா யாருவே எடுப்பா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வில்சன் சீட்டில் முதல் இலக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

"ரெண்டுல ஆரம்பிக்குத செல் நம்பர் எந்த ஊர்ல இருக்கு, அண்ணாச்சி?"

"கோவப்படாதயும். போட்டுருவோம்."

முப்பதாம் நாள் பூசை முடிந்து போய்ப் பார்த்தால், கல்லில் 214748364 என்று இருந்தது. கடைசி ஏழைக் காணோம். கல் கொத்திய நாறும்பூநாதன் தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணைக் குறைச்சா செல் நம்பர் ஆவாதுன்னு அண்ணாச்சிதான் சொன்னாவ. அம்மாம் பெரிய தொகையில ஒரு எழுத்துதானே வே?"

"ஒரு எழுத்தா? இது இரட்டைப்படைவே! ரெண்டால போவும், மூணால போவும், நாலால போவும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வகுத்துரும். யாராலயும் வகுக்க முடியாததைத்தான் அவ கேட்டா. அதைக் கூறு போட்டு அவ தலைமாட்டுல வச்சிருக்கிய!"

"பொண்டாட்டி போனதுக்கு அழாம, நம்பருக்கு அழுதீரே" என்றார் தொம்மை.

"அவளுக்குத்தான் அழுதேன். உளியைக் குடும்."

நாறும்பூநாதன் தொம்மையைப் பார்த்தான். பிறகு உளியையும் சுத்தியலையும் வில்சன் கையில் கொடுத்தான். முதலில் பத்து இலக்கத்துக்கு அளவு போட்டிருந்ததால் நாலுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வில்சன் கொத்திய ஏழு கோணலாக விழுந்தது. கட்டைவிரலில் ரத்தம்.

"கல்லு அசிங்கமாப் போச்சு" என்றார் தொம்மை.

"போவட்டும். இப்ப வகுத்துப் பாரும்."

எப்சிக்கு வேறு துணி வாங்கிக் கொடுத்துவிட்டான். பழைய துணி தையல் மிஷின் மேலேயே கிடக்கிறது. அதில் சாக்கட்டிக் கோடுகள் பாதி உதிர்ந்துவிட்டன. முப்பத்தொன்றால் வகுத்தால் மீதி ஒன்று.